பன்னிரண்டைப் பிரித்த பாஸ்கரர்

சகியாத்திரி மலையை ஒட்டிய விஜ்ஜடவிடம் என்னும் ஊரில் வாழ்ந்த குடும்பத்தில், 1114ஆம் ஆண்டு பாஸ்கரர் பிறந்தார். தந்தையார் மகேசுவரர் வானநூல் வல்லவர். மகனுக்குக் கணக்கைக் கற்பித்த ஆசானும் அவரே.

அக்காலத்தில் கணக்கிடுவோர் பலகைமீது மெல்லிய புழுதியைப் பரப்பி, அதன்மேல் இலக்கங்களை எழுதினர். பலகையில் இடம் குறைவு. ஒவ்வொரு படியிலும் பழைய இலக்கத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். இடையில் பிழை நேர்ந்தால் அதைத் தேடிக் காண இயலாது, தடமே அழிந்துபோயிருக்கும். கோள்களின் நிலையைக் கணிப்பவர்க்கோ ஒரு சிறு பிழையும் பெருங்கேடு. கிரகணம் நிகழும் நேரமே மாறிவிடும். ஆதலால் பெருக்கலை மனத்தளவில் எளிதாக்கும் வழிகளும், விடையை வேறு வழியில் சரிபார்க்கும் முறைகளும் அவர்களுக்கு இன்றியமையாதனவாயின.

பாஸ்கரர் தம் 36ஆம் வயதில், 1150இல், 'சித்தாந்த சிரோமணி' என்னும் பெருநூலை இயற்றினார். அதன் முதற்பகுதி 'லீலாவதி'. அதில் ஓர் எளிய வினா உள்ளது: 135ஐ 12ஆல் பெருக்கினால் வருவது யாது? வினா ஒன்றே, வழிகளோ பல. 12ஐ 8 என்றும் 4 என்றும் பிரிக்கலாம். 135ஐ எட்டால் பெருக்க 1080, நான்கால் பெருக்க 540. இரண்டையும் கூட்டினால் 1620. பத்தும் இரண்டுமாகப் பிரித்தால் 1350உடன் 270ஐக் கூட்டவேண்டும். அப்போதும் விடை 1620. 12 என்பது இருபதில் எட்டுக் குறைவு என்றும் கொள்ளலாம். 2700இலிருந்து 1080ஐக் கழித்தாலும் அதே 1620 கிடைக்கும். வழி மாறினும் விடை மாறாமையே பிழையின்மைக்குச் சான்று.

இன்றைய வகுப்பறையில் இதனைப் பங்கீட்டுப் பண்பு என்பர். பெருக்கும் எண்ணைப் பிரித்துப் பெருக்கும் இம்முறையை, பாஸ்கரருக்கு ஐந்து நூற்றாண்டுகள் முன்பே, 628இல், பிரம்மகுப்தர் எழுதிவைத்திருந்தார். அதனை எவரும் கற்கத்தக்க இனிய பாடமாக ஆக்கியது பாஸ்கரரின் தனிச்சிறப்பு.

லீலாவதி பாஸ்கரரின் மகள் என்றொரு கதை வழங்குகிறது. திருமண நேரத்தை அறிய, அடியில் துளையுள்ள கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டிருந்தனராம். மணப்பெண் ஆவலுடன் குனிந்து பார்க்கையில், அணியிலிருந்து முத்தொன்று உதிர்ந்து துளையை அடைத்தது. கிண்ணம் மூழ்கவில்லை, நல்லவேளை கடந்தது, திருமணமும் நின்றது. வருந்திய மகளின் பெயர் நிலைக்கும்படி தந்தை நூல் செய்தார் என்பது கதை. பாஸ்கரரின் நூலில் இச்செய்தி இல்லை. அக்பரின் அவைப்புலவர் பைசி 1587இல் செய்த பாரசீக மொழிபெயர்ப்பில்தான் இது காணப்படுகிறது. எனினும், நூலின் வினாக்கள் சில ஓர் இளம்பெண்ணை விளித்துக் கேட்கப்பட்டுள்ளமை உண்மையே.

பாஸ்கரர் 69ஆம் வயதிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. கோள்கணிப்பை எளிதாக்கும் 'கரணகுதூகலம்' அவ்வயதில், 1183இல், எழுந்தது. அவர்தம் பேரர் சங்கதேவர், பாட்டனாரின் நூல்களைக் கற்பிக்கவென்றே ஒரு கல்விச்சாலையை நிறுவினார். மகாராட்டிரத்தில் சாலீஸ்காவ் அருகிலுள்ள பாட்ணே என்னும் சிற்றூரின் 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டு இதனைத் தெரிவிக்கிறது.