கொடைக்கானல் மலையில் கதிரவனைப் படித்தவர்

மழை பொய்த்தால் வயல் என்னாகும் என்பதைச் சொறிக்கல்முனை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1876-இல் தொடங்கித் தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தின் பின்னர், கதிரவனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டோ என்று அறிஞர் ஆராய முற்பட்டனர். அந்த முயற்சியின் பயனாகத் தமிழ்நாட்டின் கொடைக்கானல் மலையில் 1899-இல் ஓர் ஆய்வுகூடம் எழுந்தது. மழையின் இரகசியம் அங்கே அகப்படவில்லை, வேறொன்று அகப்பட்டது. அதைக் கண்டவர் ஜோன் எவர்ஷெட்.

1864-இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் பிறந்தவர் அவர். ஒரு தொழில் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் வானத்தை ஆராய்ந்தார். காலஞ்சென்ற நண்பர் ரன்யார்ட் விட்டுச்சென்ற 18 அங்குலத் தொலைநோக்கியே அவருக்குக் கிடைத்த முதுசம். 1906-இல் மேரி ஓர் என்னும் அம்மையாரை மணந்தார். அவரும் வானியல் கற்றவர். கத்தோலிக்க உலகம் போற்றும் கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவைப் பற்றி நூலே எழுதியவர். மறு ஆண்டு இருவரும் கொடைக்கானல் வந்து சேர்ந்தனர்.

கரும்புள்ளி ஒரு சுழல்காற்றாக இருக்கலாம் என்பது அன்றைய எண்ணம். 1909 ஜனவரி 5-ஆம் நாள் வானம் தெளிந்திருந்தது. எவர்ஷெட் புள்ளியின் ஒளியைப் பிரித்துப் படம் பிடித்தார். புகையிரதம் நெருங்கும்போது அதன் கூவல் உயர்ந்தும், விலகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? ஒளியும் அவ்வாறே நிறக்கோடுகளில் இடம் பெயரும். புள்ளியின் ஒரு பக்கத்தில் கோடுகள் நீலத்தை நோக்கியும், மறுபக்கத்தில் சிவப்பை நோக்கியும் சாய்ந்திருந்தன. வாயு சுழலவில்லை, நடுவிலிருந்து வெளியே நேராக ஓடிக்கொண்டிருந்தது! வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு இருபது நொடி போதும். எதிர்பார்த்ததை விட்டுப் படம் காட்டியதை அவர் நம்பினார். அந்த ஓட்டம் இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது.

கதிரவனில் தீச்சுடர் வெடித்தபின், பல மில்லியன் பாகை சூடேறிய பிளாஸ்மா நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் மேலெழுந்து, பின் குளிர்ந்து மழைபோல் இறங்குகிறது. 2006-இல் ஏவப்பட்ட ஹினோடே விண்கலம் முதலியன அந்த எழுச்சியை அளந்ததும் இதே கோட்டுச் சாய்வைக் கொண்டுதான்.

எவர்ஷெட் 1911 முதல் 1923 வரை கொடைக்கானல் கூடத்தின் இயக்குநராயிருந்தார். ஓய்வுபெற்று ஊர் திரும்பியும் சும்மா இருக்கவில்லை. யூஹர்ஸ்ட் கிராமத்தில் சொந்தமாக ஒரு கூடம் அமைத்து, கதிரவனைத் தொடர்ந்து பார்த்துவந்தார். 1949-இல் மேரி அம்மையார் மறைந்தார். மறு ஆண்டு கூடத்தை மூடினார். 1956 நவம்பர் 17-ஆம் நாள், தமது 92-ஆவது வயதில் காலமானார்.