வெட்ட வெட்ட முளைத்த வால்: மனிதனுக்கும் இது சாத்தியமா என்று 1768-லேயே கேட்ட பாதிரியார்

சுவர்ப் பல்லி ஆபத்து வந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். பிறகு புது வால் முளைக்கும். ஆனா அது பழைய வால் இல்லை. உள்ளே முதுகெலும்புக்குப் பதிலா வெறும் குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். சாலமாண்டர் கதையே வேற. எலும்பு, தசை, நரம்பு என எல்லாமே திரும்ப வரும், காலும் சேர்த்து. இதை உலகுக்குக் காட்டியவர் லாசரோ ஸ்பல்லன்சானி.

1729-ல் வட இத்தாலியின் ஸ்காண்டியானோ ஊரில் பிறந்தவர். அப்பா வக்கீல். மகனும் பொலோனியாவுக்குச் சட்டம் படிக்கத்தான் போனார். அங்கே அவருடைய உறவுக்காரப் பெண் லாரா பாஸி இயற்பியல் பேராசிரியர். பெண் பேராசிரியர்களே அபூர்வமான காலம் அது. அவரைப் பார்த்து சட்டம் போச்சு, அறிவியல் ஒட்டிக்கொண்டது. பின்னாடி பாதிரியாரும் ஆனார்.

வெட்டினால் முளைக்கும் குணம் ஹைட்ரா மாதிரி குட்டி நீர்வாழ் உயிரிகளில் ஏற்கெனவே தெரிந்த விஷயம். முதுகெலும்புள்ள பிராணியில்? மனுஷன் சும்மா விடவில்லை. மண்புழு, நத்தை, தலைப்பிரட்டை, சாலமாண்டர் என்று வெட்டிக்கொண்டே போனார். ஒரே சாலமாண்டரின் கால்களையும் வாலையும் மூன்று மாதத்தில் ஆறு தடவை வெட்டினார். ஆறு தடவையும் முளைத்தன. புதிதாக உருவான எலும்புகள் மட்டும் 687!

1768-ல் சின்னப் புத்தகமாக இதை வெளியிட்டார். நத்தைக்குத் தலையே முளைக்கிறது என்றதும் ஐரோப்பாவே பரபரப்பானது. பிரான்ஸின் வால்டேர்கூட நத்தைத் தலையை வெட்டிப் பார்த்தார்.

ஸ்பல்லன்சானியை உறுத்தியது வேறொன்று. சாலமாண்டரால் முடிவது மற்ற பிராணிகளால் ஏன் முடியவில்லை? மனிதனுக்கும் ஒருநாள் அந்தச் சக்தி கிடைக்குமா? புது உறுப்பின் கரு உடம்பில் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது என்று நம்பினார். அது தப்பு. காயத்தின் மேல் செல்கள் மொட்டு மாதிரி திரண்டு அதிலிருந்துதான் உறுப்பு உருவாகிறது என்பது இப்போது தெரியும். ஆனா அவர் கேள்வி இன்னும் ஆய்வகங்களில் உயிரோடுதான் இருக்கிறது. தலைப்பிரட்டைக்கு வால் முளைக்கும். அதுவே தவளையாக வளர்ந்தபின் காலை இழந்தால், பழைய கால் திரும்ப வராது.

1769 முதல் பாவியா பல்கலைக்கழகத்தில் வேலை. 1785-ல் கான்ஸ்டான்டினோபிள் போயிருந்த நேரம் பார்த்து, அருங்காட்சியகப் பொருட்களைத் திருடினார் என்று சக பேராசிரியர்கள் புகார் கொடுத்தார்கள். உடற்கூறியல் நிபுணர் அன்டோனியோ ஸ்கார்பாவும் அதில் ஒருவர். விசாரணையில் ஸ்பல்லன்சானி நிரபராதி என்று முடிவானது.

1799-ல் சிறுநீர்ப்பை நோயால் இறந்தார். அந்தச் சிறுநீர்ப்பையைப் பதப்படுத்தி, பாவியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதே அருங்காட்சியகத்தில் ஸ்கார்பாவின் தலையும் இருக்கிறது.