மருத்துவர்களுடன் உடன்பாடு கண்ட சுரங்கத் தொழிலாளி

மருத்துவமனை வாசலில் நிற்கும் நோயாளியிடம் பணம் இருக்கிறதா என்று எவரும் கேட்கக் கூடாது. பிரிட்டனில் இக்கொள்கையைச் சட்டமாக்கியவர் அனைரின் பெவன்.

தெற்கு வேல்ஸின் டிரெடிகர் என்னும் சுரங்க ஊரில் 1897-இல் பிறந்த பெவன், 13 வயதில் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். அவருடைய தந்தை, நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு 1925-இல் மறைந்தார். அது தொழில்சார்ந்த நோயாக அன்று ஏற்கப்படாததால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. அதே ஊரில் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் சிறுபகுதியைச் செலுத்தி மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நடத்தினர். அந்த நிதியில் மருத்துவர்களை அமர்த்தி, குடும்பத்தினர் அனைவருக்கும் சிகிச்சை அளித்தனர். ஓர் ஊருக்குச் சாத்தியமானது ஒரு நாட்டுக்கும் சாத்தியம் என்ற நம்பிக்கையை பெவனுக்கு அளித்தது அச்சங்கமே.

1929-இல் நாடாளுமன்றம் சென்ற அவர், 1945-இல் அட்லி அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார். 1911-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் தொழிலாளிக்கு மருத்துவரை அளித்ததே தவிர, அவருடைய மனைவியையும் குழந்தைகளையும் கைவிட்டிருந்தது. மருத்துவமனைகளோ அறக்கட்டளைகளிடமும் உள்ளாட்சிகளிடமும் சிதறிக் கிடந்தன. 1946-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார சேவைச் சட்டத்தின் மூலம் அவற்றை பெவன் அரசுடைமையாக்கினார்.

மருத்துவர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அரசு ஊழியர்களாகிவிட்டால் தொழில் சுதந்திரம் பறிபோகும் என்று மருத்துவர்கள் அஞ்சினர். 1948 பிப்ரவரியில் வாக்களித்த மருத்துவர்களில் பத்தில் ஒன்பது பேர் திட்டத்தை நிராகரித்தனர். பெவன் சில இடங்களில் விட்டுக்கொடுத்தார். சிறப்பு மருத்துவர்கள் அரசு ஊதியத்துடன் தனியார் சிகிச்சையையும் தொடரலாம். குடும்ப மருத்துவர்கள், தம்மிடம் பதிவு செய்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் பெறும் சுதந்திர ஒப்பந்ததாரர்களாக நீடிக்கலாம். மருத்துவர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பும், 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான பொது மருத்துவ மன்றத்திடமே இருந்தது. நோயாளியிடம் கட்டணம் கூடாது என்பதில் மட்டும் அவர் இறங்கிவரவில்லை. 1948 ஜூலை 5 அன்று, பெரும்பாலும் வரிப்பணத்தில் இயங்கும் சேவை தொடங்கியது.

மூன்றே ஆண்டுகளில் சோதனை வந்தது. கொரியப் போர்க்கால ஆயுதச் செலவை ஈடுகட்ட, பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க நிதியமைச்சர் முனைந்தார். தொகை சிறிதுதான். எனினும், ஒருமுறை திறந்த கதவு மேலும் அகலும் என்று கருதிய பெவன், 1951 ஏப்ரலில் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1960 ஜூலை 6 அன்று தமது 62-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய அச்சம் வீணானதல்ல. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக் கட்டணம் இன்றும் தொடர்கிறது. அவர் பிறந்த வேல்ஸ் அதனை 2007-இல் கைவிட்டது. மருத்துவர்களின் வருமானத்திலும் உரிமையிலும் ஓர் அரசு சமரசம் செய்துகொள்ளலாம்; நோயாளியின் உரிமையில் செய்துகொள்ளலாகாது. பெவனின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.