தகடூர் அதியமான்

இன்று தருமபுரி என வழங்கும் ஊர், சங்க காலத்தில் தகடூர் எனப் பெயர் பெற்றிருந்தது. அதனைத் தலைநகராகக் கொண்டு மலையும் காடும் செறிந்த நாட்டை அதியர் மரபினர் ஆண்டுவந்தனர். அம்மரபின் புகழை நிலைநாட்டியவன் அதியமான் நெடுமான் அஞ்சி. கடையெழு வள்ளல்களுள் இவனும் ஒருவன்.

அதியமான் சிறந்த வீரன். தன்னை எதிர்த்த எழுவரை ஒருங்கே வென்றவன். மலையமானுக்குரிய திருக்கோவலூரையும் போரிட்டுக் கைக்கொண்டவன். அவ்வூரை அடுத்த ஜம்பை என்னும் இடத்தில், 1981ஆம் ஆண்டு பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதியமான் ஒரு குகையைத் துறவியர் உறையும் பள்ளியாக அளித்த செய்தி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. வாளேந்திய கை வழங்கவும் அறிந்திருந்தது என்பதற்கு அக்கல்லே சான்றாகும்.

ஒருமுறை, ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனி ஒன்று அவனுக்குக் கிடைத்தது. அதனை உண்டவர் நெடுநாள் வாழ்வர் என்பது நம்பிக்கை. போர்க்களமே வாழ்வாகக் கொண்ட மன்னனுக்கு நீண்ட வாழ்நாள் வேண்டாததன்று. எனினும், கனியின் சிறப்பைக் கூறாமலே அதனை ஔவையாருக்கு ஈந்தான். தன்னைவிடத் தமிழ் நெடிது வாழவேண்டும் என அவன் கருதினான்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் தன் படைப்பெருக்கைக் கண்டு செருக்குற்று, அதியமானோடு பகைமை பாராட்டினான். வீணே குருதி சிந்துவதை விரும்பாத அதியமான், ஔவையாரைத் தூதாக அனுப்பினான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலை அவருக்குப் பெருமிதத்துடன் காட்டினான். அங்கிருந்த கருவிகள் நெய் பூசப்பெற்று, மயிற்பீலியும் மாலையும் அணிந்து பொலிந்தன. ஔவையார் அவற்றின் அழகைப் புகழ்வார்போல் புகழ்ந்தார். அதியமானுடைய கருவிகளோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதைக் குறிப்பிட்டார். பயன்படாத கருவியின் பளபளப்பு வீரமாகாது என்பதைத் தொண்டைமான் உணர்ந்து போரைக் கைவிட்டான் என்பர்.

ஆயினும் போர் அதியமானை விட்டு நீங்கவில்லை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு வென்றான். அப்போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ என்னும் நூலின் சில பாடல்களே இன்று எஞ்சியுள்ளன. வேல் மார்பிற் பாய அதியமான் மாண்டான். கனியைப் பெற்ற ஔவையாரே அவனுக்காக இரங்கிப் பாடினார். அவனுக்கு நடுகல் நாட்டிய செய்தியையும் பாடலில் வடித்தார்.

பிற்காலத்து நடுகற்கள் பல தருமபுரி வட்டாரத்தில் இன்றும் உள்ளன. ஆநிரை காக்கப் போரிட்டு மடிந்த வீரர், ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக அவற்றில் நிற்கின்றனர். நெருக்கமான கப்பல் தளத்தில் போரிட்ட மேனாட்டு மாலுமிகளும் இவ்வாறே குறுகிய, வளைந்த வாளை ஏந்தினர். களத்துக்கேற்பக் கருவியின் வடிவு மாறும். எக்கருவியும் ஒருநாள் துருப்பிடித்து அழியும்.

அதியமானின் வேலும் வாளும் இன்று இல்லை. அவன் தனக்கென வைத்துக்கொள்ளாது ஈந்த கனியே, ஈராயிரம் ஆண்டுகளாக அவன் பெயரை வாழச் செய்கிறது.