உலகுக்கு மருந்து தந்தவரின் உயிரைப் பறித்த மாரடைப்பு... யார் இந்த சுப்பாராவ்?

1895 ஜனவரி 12. சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார் எல்லாப்பிரகடா சுப்பாராவ். ஆரம்பத்தில் படிப்பு சுமார் ரகம்தான். சென்னைக்கு வந்து, மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடையோடு போய் நின்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது.

அமெரிக்காவில் சாதனை

1922-ல் பாஸ்டன் போனார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, செல்களுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. மூலக்கூறை 1929-ல் தசையிலிருந்து பிரித்தறிந்தார். 1940-ல் லெடர்லே நிறுவனத்துக்கு மாறினார். அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் அங்கேயே பிறந்தன. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்றும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் அதில் ஒன்று.

1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53. கடைசிவரை ஊர் திரும்பவே இல்லை.

ரத்தக்குழாயில் என்ன நடக்குது?

கங்கைகொண்ட சோழபுரத்தின் சோழகங்கம் ஏரிக்கு வரும் வாய்க்காலில் வண்டல் சேர்வதுபோல, ரத்தக்குழாயிலும் கொழுப்பு சும்மா படிகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். வாய்க்கால் கரைக்கு உயிர் இல்லை, ரத்தக்குழாயின் உட்சுவருக்கு உண்டு.

புகை, சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் சீண்டினால், உட்சுவர் செல்கள் தங்கள் சவ்விலிருந்து நுண்பைகளை உதிர்க்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுக்குள் அடங்கிவிடும் சைஸ். புரதங்களையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வையும் சுமந்துபோய் மற்ற செல்களுக்குத் தகவல் சொல்பவை இவை. அழற்சியைத் தூண்டலாம், ரத்தம் உறையவும் உதவலாம். எல்லாமே வில்லன் இல்லை. சில, காயம்பட்ட சுவரைச் சரிசெய்யவும் உதவுகின்றன.

அவர் மருந்தே காப்பாற்றுமா?

அழற்சியை அடக்கினால் மாரடைப்பு குறையுமா? 4,786 பேருக்கு, ஒரு பாதிக்கு மெத்தோட்ரெக்ஸேட், மறுபாதிக்கு வெற்று மாத்திரை எனக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. அழற்சியின் அளவுகள்கூட இறங்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, கனகினுமாப் என்ற வேறொரு மருந்து அழற்சியையும் மாரடைப்பையும் குறைத்திருந்தது. ஆக, யோசனை தப்பில்லை, பூட்டுக்கேற்ற சாவிதான் வேணும்.

சுப்பாராவைக் கொண்டுபோன நோய்க்கு அவர் குழுவின் மருந்து விடையாகவில்லை. அதே மருந்தால் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் ஏராளம். 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர் கண்டறிந்த ஏ.டி.பி.யில்தான் ஒவ்வோர் இதயமும் இந்த நொடி துடித்துக்கொண்டிருக்கிறது.