வேலைக்கு ஆகாது என்று விரட்டப்பட்ட ஜானி யூனிட்டஸ்: அமெரிக்க ஃபுட்பாலை மாற்றிய வலது கையின் கதை

ஜானி யூனிட்டஸ் தன் வாழ்நாளில் பாஸ்கள் மூலம் அணிக்குச் சேர்த்துக் கொடுத்த தூரம் 40,239 யார்டு. நம் கணக்கில் கிட்டத்தட்ட 37 கிலோமீட்டர். அத்தனை பாஸ்களையும் எறிந்த வலது கை, கடைசிக் காலத்தில் ஒரு கோல்ஃப் மட்டையைக்கூடப் பிடிக்க முடியாமல் போனது. இடது கையால் வலது கை விரல்களை மடக்கி, மட்டையோடு சேர்த்து வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக்கொண்டுதான் ஆடுவார். கை போனதற்கு உதவித்தொகை கேட்டார். கிடைக்கவில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில், யார் இவர்?

குவார்ட்டர்பேக் என்றால்?

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. இரு முனையும் கூரான பந்து, ஹெல்மெட், தோள் கவசம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து கைமாறும். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் இருப்பவருக்கு எறிவதா? எதிரணியின் மலை போன்ற ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள், இரண்டு மூன்று விநாடியில் முடிவெடுக்க வேண்டும்.

இன்று ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோவில் பயிற்சியாளர் திட்டத்தைச் சொல்லிவிடுகிறார். யூனிட்டஸ் காலத்தில் அந்த வசதி இல்லை. சக வீரர்களைச் சுற்றி நிற்கவைத்து, அடுத்து என்ன செய்வது என்று அவரே சொல்வார். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் அவரை ஏன் அப்படிக் கொண்டாடினார்கள் என்பது புரியும்.

ஆள் ஒல்லி, அதனால் வேண்டாம்

1933 மே 7 அன்று பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். லித்துவேனிய வம்சாவளிக் குடும்பம். அப்பா வீடுகளுக்கு நிலக்கரி கொண்டுபோய்ப் போடும் தொழில் செய்தவர். ஜானிக்கு ஐந்து வயதில் அவர் இறந்துவிட, அம்மா ஹெலன் அந்தத் தொழிலையும் பார்த்துக்கொண்டு நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார்.

பள்ளியில் நன்றாக ஆடியவருக்கு, ஃபுட்பாலுக்குப் பேர்போன நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் ஆட வேண்டும் என்று ஆசை. உடம்பு போதாது என்று அங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊரான பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் உதவித்தொகை தரத் தயாராக இருந்தது. ஆனால் நுழைவுத் தேர்வில் தோற்றார். கடைசியில் இடம் கொடுத்தது கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் பல்கலைக்கழகம். அப்போது அது ஃபுட்பாலில் பெரிய பேரெல்லாம் இல்லாத இடம்.

1951 முதல் 1954 வரை அங்கே ஆடினார். இடையில் பல்கலைக்கழகம் விளையாட்டுக்கான செலவைக் குறைத்துவிட்டதால் அணி மெலிந்தது. குவார்ட்டர்பேக்காகப் பந்தை எறிவதோடு, தடுப்பாட்டத்திலும் அவரே நின்றார். அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். நாட்டின் கவனம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு பாஸ்கூட எறிய விடாத அணி

1955-ல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-இன் வீரர் தேர்வில், ஒன்பதாவது சுற்றில், 102-வது ஆளாக பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை எடுத்தது. சொந்த ஊர் அணி! சந்தோஷம் சில வாரம்தான். அணியில் இடம் மூன்று குவார்ட்டர்பேக்குகளுக்கு, இருந்ததோ நான்கு பேர். பயிற்சியாளர் வால்ட் கீஸ்லிங்குக்கு இவர் மேல் நம்பிக்கை இல்லை. சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் ஒரு பாஸ்கூட எறிய விடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஏற்கெனவே கல்யாணமாகி, குழந்தையும் பிறந்திருந்தது. கட்டுமான வேலைக்குப் போனார். வார இறுதியில் புளூம்ஃபீல்ட் ராம்ஸ் என்ற உள்ளூர் அணிக்கு ஆடினார். கண்ணாடிச் சில்லும் கல்லும் கிடக்கும் மைதானம், ஒரு ஆட்டத்துக்கு 6 டாலர். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஃபுட்பாலுக்கு முழுக்குப் போட்டிருப்பார்கள்.

1956-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியிடமிருந்து போன் வந்தது. அந்த அழைப்புக்கு ஆன செலவு 80 சென்ட் என்று இன்றும் சொல்வார்கள். அணியின் முக்கிய குவார்ட்டர்பேக் ஜார்ஜ் ஷா. அவருக்கு ஏதாவது ஆனால் மட்டும்தான் யூனிட்டஸுக்கு வேலை.

ஆனது. அக்டோபரில் சிகாகோ பேர்ஸுடனான ஆட்டத்தில் ஷாவின் கால் முறிந்தது. யூனிட்டஸ் இறங்கினார். எறிந்த முதல் பாஸையே எதிரணி பறித்து ஓடிப்போய் டச்டவுன் போட்டது. அடுத்து, சக வீரரிடம் கைமாற்றும்போது பந்து நழுவியது. அந்த ஆட்டத்தில் கோல்ட்ஸ் 58-27 என்று உதை வாங்கியது. ஸ்டீலர்ஸ் சொன்னது சரிதானோ என்று யாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் பயிற்சியாளர் வீப் யூபேங்க் அவரை மாற்றவில்லை. அந்த சீசனின் கடைசி மூன்று ஆட்டங்களில் முதலாவதில் எறிந்த டச்டவுன் பாஸிலிருந்து ஒரு தொடர் ஆரம்பித்தது. 1960 டிசம்பர் வரை, 47 ஆட்டங்கள் தொடர்ச்சியாக, ஒவ்வொன்றிலும் ஒரு டச்டவுன் பாஸாவது எறிந்தார். இதை முறியடிக்க 2012-ல் ட்ரூ பிரீஸ் வர வேண்டியிருந்தது.

1 நிமிடம் 56 விநாடி

1958 சீசனின் நடுவில் விலா எலும்பு முறிந்து நுரையீரலில் ஓட்டை விழுந்தது. இரண்டே ஆட்டம் ஓய்வு. நெஞ்சுக்குக் கவசம் கட்டிக்கொண்டு திரும்பியவர், முதல் பாஸிலேயே லென்னி மூருக்கு 58 யார்டு டச்டவுன் எறிந்தார்.

அந்த ஆண்டு டிசம்பர் 28. நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. நியூயார்க் ஜெயன்ட்ஸ் 17, கோல்ட்ஸ் 14. பந்து கோல்ட்ஸின் சொந்த எல்லைக்கு 14 யார்டு பக்கத்தில். பாக்கியிருந்தது 1 நிமிடம் 56 விநாடி.

தள்ளி நின்றவர் ரேமண்ட் பெர்ரி. பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் இவரும் யூனிட்டஸும் மைதானத்திலேயே நின்று எறிந்து பிடித்துப் பழகுவார்கள். அந்த உழைப்புக்கான கூலி அன்று கிடைத்தது. பெர்ரிக்கு அடுத்தடுத்து மூன்று பாஸ், மொத்தம் 62 யார்டு. ஏழு விநாடி மிச்சமிருக்கும்போது ஸ்டீவ் மைரா ஃபீல்ட் கோல் உதைத்து 17-17 ஆக்கினார். என்எஃப்எல் இறுதிப் போட்டி கூடுதல் நேரத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

கூடுதல் நேரத்தில் கோல்ட்ஸ் 13 நகர்வுகளில் 80 யார்டு கடந்தது. ஒவ்வொன்றும் யூனிட்டஸ் சொன்னபடி. எதிரணி பாஸை எதிர்பார்த்தால் ஓடவிட்டார், ஓட்டத்தை எதிர்பார்த்தால் எறிந்தார். எளிதாக ஃபீல்ட் கோல் உதைத்து ஜெயித்திருக்கலாம். அவரோ எல்லைக்கு ஏழு யார்டு தூரத்தில் நின்று இன்னொரு பாஸ் எறிந்தார். பறிபோயிருந்தால் ஜென்மத்துக்கும் திட்டியிருப்பார்கள். போகவில்லை. அடுத்ததில் ஆலன் அமீச்சி உள்ளே பாய, 23-17.

சுமார் 4.5 கோடிப் பேர் அதை டிவியில் பார்த்தார்கள். அமெரிக்காவின் வீடுகளுக்குள் இந்த விளையாட்டு நுழைந்தது அன்றுதான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இன்றைய சூப்பர் பவுல் விளம்பரக் கோடிகளுக்கு விதை போட்டவர், மூன்று ஆண்டுகளுக்கு முன் 6 டாலருக்கு ஆடிக்கொண்டிருந்தவர்.

அடுத்த ஆண்டும் கோல்ட்ஸே சாம்பியன். 1959, 1964, 1967-ல் லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்கு.

முழங்கையில் ஆரம்பித்த சரிவு

1968-ல் சீசனுக்கு முந்தைய ஆட்டமொன்றில் வலது முழங்கையில் பலத்த அடி. அந்த சீசனில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றாவது சூப்பர் பவுலில் ஜோ நேமத்தின் ஜெட்ஸிடம் கோல்ட்ஸ் 16-7 என்று தோற்றபோது, அந்த ஒரே டச்டவுனுக்கு அணியை நடத்தியது கடைசியில் இறக்கிவிடப்பட்ட யூனிட்டஸ்தான். 1971 ஜனவரியில் ஐந்தாவது சூப்பர் பவுல் கோப்பை கிடைத்தது. அதிலும் அடிபட்டுப் பாதியில் வெளியேறினார்.

1972-ல் அணி புதிய முதலாளியிடம் போனது. புதிய நிர்வாகம் அவரை ஓரங்கட்டியது. அந்த சீசனில் பால்டிமோர் மண்ணில் அவர் ஆடிய கடைசி ஆட்டம், மாற்று வீரராக இறங்கியது. எட்டி ஹின்டனுக்கு ஒரு நீண்ட டச்டவுன் பாஸ் எறிந்தார், ஸ்டேடியம் அதிர்ந்தது. பிறகு சான் டியாகோ சார்ஜர்ஸுக்கு விற்றுவிட்டார்கள். அங்கே 1973-ல் சில ஆட்டங்களோடு முடிந்தது. ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் 1979-ல் வந்தது.

1984-ல் கோல்ட்ஸ் அணியே இரவோடு இரவாக லாரிகளில் மூட்டை கட்டிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குப் போனது. இனி அந்த அணிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று யூனிட்டஸ் ஒதுங்கிக்கொண்டார்.

55 வயசுக்குள் கேட்டிருக்கணும்

முழங்கை அடி மெதுவாக வேலையைக் காட்டியது. அறுபதை நெருங்கும்போது வலது கை விரல்கள் செயலிழக்கத் தொடங்கின. உடல் ஊனத்துக்கான உதவித்தொகைக்கு லீக்கின் திட்டத்தில் விண்ணப்பித்தார். 55 வயதுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கை போனதே அதற்குப் பிறகுதான் என்பது விதிமுறையில் எடுபடவில்லை. விளையாடி முடித்து ஆண்டுகள் கழித்து வெளிப்படும் காயத்துக்கு யார் பொறுப்பு என்ற சண்டை, மூளைக் காயங்களை முன்வைத்துப் பின்னாளில் என்எஃப்எல்-ஐ நீதிமன்றம் வரை இழுத்தது.

2002 செப்டம்பர் 11 அன்று, மேரிலாந்தின் டிமோனியத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வயது 69.

களத்தில் அவரது அடையாளம் கணுக்காலை மூடும் கறுப்பு ஷூ. அந்த வார ஆட்டத்தில் அதே போல் அணிந்து அஞ்சலி செலுத்த, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் பெய்டன் மேனிங் அனுமதி கேட்டார். சீருடை விதிப்படி அபராதம் உண்டு என்று லீக் சொல்ல, விட்டுவிட்டார். பால்டிமோரின் புதிய அணியான ரேவன்ஸின் குவார்ட்டர்பேக் கிறிஸ் ரெட்மன், யூனிட்டஸைப் போலவே லூயிவில்லில் படித்தவர். யாரிடமும் கேட்காமல் கறுப்பு ஷூவுடன் களமிறங்கினார். லீக் அவருக்கு 5,000 டாலர் அபராதம் போட்டது.