ஜாதிக்காய்க்குக் கணக்கு எழுதியவர்

நம்ம ஹாஸ்டலில் இப்போ பாதிப் பேரிடம் டீமேட் கணக்கு இருக்கு. இந்த ஷேர் சமாச்சாரம் பெரிய அளவில் பொதுமக்களிடம் போனது 1602-ல், நெதர்லாந்தில். விற்றது டச்சு கிழக்கிந்திய கம்பெனி. திரண்ட தொகை சுமார் 64 லட்சம் கில்டர். ஆம்ஸ்டர்டாமில் வீட்டு வேலை செய்த ஒரு பெண்கூட 100 கில்டர் போட்டிருக்கிறார். அந்தப் பணத்துக்கு லாபம் எங்கிருந்து வந்துச்சு? அதுக்கு யான் பீட்டர்சூன் கூன் என்ற கணக்காளரின் கதையைச் சொல்லணும்.

கூன் 1587-ல் ஹோர்ன் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே ரோமுக்கு அனுப்பப்பட்டு, ஒரு வணிகரிடம் இரட்டைப் பதிவுக் கணக்கு கற்றார். காமர்ஸ் பசங்க பிளஸ் ஒன்னில் படிக்கிற அதே முறைதான். 1607-ல் கம்பெனி கப்பலில் ஏறினார்.

அப்போ உலகத்துக்கே ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் கிடைத்தது ஒரே இடத்தில்: இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் குட்டி குட்டி பாண்டா தீவுகள். 1609-ல் அங்கே கோட்டை கட்டப் போன டச்சுத் தளபதியைத் தீவு மக்கள் கொன்றார்கள். அந்தக் கப்பற்படையில் 22 வயசு கூனும் இருந்தார். அடுத்த வருஷம் பங்குதாரர்களுக்கு முதல் டிவிடெண்ட் வந்தது, காசாக இல்லை, ஜாதிபத்திரியாக!

சரக்கை எங்களுக்கு மட்டும்தான் விற்கணும் என்பது கம்பெனி போட்ட ஒப்பந்தம். ஆனா தீவில் அரிசி விளையாது. அரிசியும் துணியும் கொண்டுவந்த ஜாவா வியாபாரிகளுக்கும் இங்கிலீஷ்காரர்களுக்கும் மக்கள் தொடர்ந்து விற்றார்கள். நம்ம எகனாமிக்ஸ் புத்தகப்படி பார்த்தா, சந்தைப் போட்டியை நம்பியவர்கள் தீவுக்காரர்கள்தான், கம்பெனி இல்லை.

கூன் 1613-ல் ஆசியக் கிளைகளுக்கெல்லாம் தலைமைக் கணக்கர். சில வருஷத்தில் கவர்னர் ஜெனரல். 1619-ல் ஜெயகர்த்தா ஊரை எரித்து, அதன்மேல் பட்டாவியா நகரை எழுப்பினார். அதுதான் இன்றைய ஜகார்த்தா. அவர் போட்ட கணக்கு ரொம்ப நுணுக்கமானது. ஐரோப்பாவிலிருந்து வெள்ளி வந்துகொண்டே இருக்காது. அதனால் ஆசியாவுக்குள்ளேயே சரக்கைச் சுற்றவிட்டு முதலைப் பெருக்கணும். இங்கேதான் நம்ம கரை வருது. பழவேற்காட்டில் கம்பெனிக்குக் கோட்டை இருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணி அங்கிருந்து தீவுகளுக்குப் போய் மசாலாவாக மாறியது.

1621-ல் பெரும் படையோடு பாண்டாவுக்குப் போனார். பெரிய தீவான லோந்தோர் வீழ்ந்தது. ஊர்ப் பெரியவர்கள் சுமார் 40 பேரை, கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வீரர்கள் வெட்டிக் கொன்றார்கள். மற்றவர்களில் பலர் மலையில் பட்டினியால் செத்தார்கள், சிலர் பக்கத்துத் தீவுகளுக்குத் தப்பினார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் அடிமைகளாகப் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். சுமார் 15,000 பேர் இருந்த இடத்தில் மிஞ்சியது ஆயிரம் பேர் அளவு என்பது பொதுவான மதிப்பீடு. இயக்குநர்கள் லேசாகக் கடிந்துகொண்டார்கள். பரிசுத் தொகையும் கொடுத்தார்கள்.

காலியான நிலம் 68 தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. தோட்டக்காரர்கள் ஐரோப்பியர்கள், விலை கம்பெனி நிர்ணயித்தது, வேலை செய்தது வெளியிலிருந்து கொண்டுவந்த அடிமைகள். அதே 1620-களில் பழவேற்காட்டிலிருந்தும் அடிமைகளைக் கம்பெனிக் கப்பல்கள் பட்டாவியாவுக்கு ஏற்றிப் போயின. நம்ம ஊர் வரலாற்றில் இதை யாரும் பெரிசா பேசுறதில்லை.

ஜாதிக்காய் மட்டுமே ஹாலந்தைப் பணக்கார நாடாக்கியதுன்னு சொன்னா அது மிகை. பால்டிக் கடல் தானிய வியாபாரமும் மீன்பிடித் தொழிலும் அதைவிடப் பெருசு. ஆனா லாபத்துக்காகவே திரட்டிய பங்கு மூலதனம், அதுக்குக் காவலா பீரங்கி, அடியில் சம்பளமில்லாத உழைப்பு: மூன்றையும் ஒரே பேரேட்டில் சேர்த்து எழுதிக் காட்டியவர் கூன். போர் தொடுக்கும் உரிமை கம்பெனியின் சாசனத்திலேயே இருந்தது. அதனால் இதை ஒரு கொடூரமான ஆளின் தனிப்பட்ட குணம்னு ஒதுக்க எனக்கு மனசு வரல.

1629-ல் மத்தாராம் சுல்தானின் படை பட்டாவியாவை முற்றுகையிட்டிருந்தபோது, கூன் நோயில் விழுந்து திடீரென இறந்தார். வயசு 42. 1893-ல் ஹோர்னில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2011-ல் ஒரு கிரேன் இடித்து அது விழுந்தது. திரும்ப வைக்கக் கூடாதுன்னு ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். சிலை மறுபடி ஏறியது. கீழே இருக்கும் பலகையில் மட்டும் பாண்டாவில் நடந்ததைச் சேர்த்தார்கள்.